அருந்ததி தெரிகிறாளா?

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே அமைந்த சிற்றூர் மண்டகப்பட்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்குள்ள பாறைக் குன்றைக் குடைந்து பிரமன், ஈசுவரன், திருமால் ஆகிய மும்மூர்த்திகளுக்கும் ஒரே கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இந்த ஆலயத்தை ஆக்கியவன் விசித்திரசித்தன் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. கோயிலுக்கு அவன் சூட்டிய பெயர் லக்ஷிதாயதனம். காலத்தால் இற்றுப்போகும் பொருள் எதுவும் தன் திருப்பணியில் சேரலாகாது என்பது அவன் உள்ளக்கிடக்கையாக இருந்திருக்க வேண்டும். அவன் எண்ணியபடியே 1400 ஆண்டுகள் கடந்தும் அந்தக் குடைவரை நிற்கிறது.

மண்டகப்பட்டை அடுத்த ஊரில் வாழும் ஒரு முதியவருக்குக் கடந்த ஆண்டு மாசி மாதம் பீமரத சாந்தி நடைபெற்றது. பிள்ளைகள் பெற்றோரைத் திருக்கடையூருக்கு அழைத்துச் சென்று, அமிர்தகடேசுவரர் அபிராமி சந்நிதியில் எல்லாவற்றையும் முறைப்படி செய்வித்தனர். எழுபது வயதில் மீண்டும் ஒருமுறை மனைவியின் கழுத்தில் மாங்கல்யம் கட்டிய மகிழ்ச்சியோடு பெரியவர் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியில் அருகே அமர்ந்திருந்த அம்மையார் திடீரென்று ஒரு கேள்வி கேட்டார்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும். நம்ம கல்யாணத்தன்னிக்கு ஐயர் அருந்ததி காட்டினாரே, நீங்க நெசமா பார்த்தீங்களா?"

பெரியவர் சிரித்தார். "பட்டப்பகல்ல நட்சத்திரத்தை எங்க பார்க்கிறது? தெரியுதான்னு கேட்டாரு, தெரியுதுன்னு சொன்னேன்."

"நானும் அப்படித்தான் சொன்னேன். தாலி ஏறின கையோட சொன்ன முதல் வார்த்தையே பொய்யாப் போச்சேன்னு நாப்பத்தஞ்சு வருஷமா மனசுல ஒரு முள்ளு."

மனைவி வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் திருமணம் ஓர் ஐப்பசி மாதத்தில், காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள் அமைந்த முகூர்த்தத்தில் நடந்தது. அம்மி மிதித்தார்கள். அருந்ததி பார்த்ததாகச் சொன்னார்கள். பந்தி தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் எத்தனையோ தம்பதியர் இப்படித்தான் அருந்ததியைப் பார்த்திருக்கிறார்கள்.

இச்சடங்கின் மூல விதி வேறு. மணநாளன்று கதிரவன் மறைந்து விண்மீன்கள் தோன்றிய பின் மணமகளுக்குத் துருவனையும் அருந்ததியையும் சப்தரிஷிகளையும் காட்டவேண்டும். அவற்றைக் கண்ட பிறகே அவள் தன் மௌனத்தைக் கலைத்து வாய் திறக்கவேண்டும் என்று ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம் வகுத்துள்ளது. ஆகவே இது இரவில், கண்ணால் கண்டு நிறைவேற்றவேண்டிய சடங்கு. திருமணம் பகல் முகூர்த்தத்தில் ஒரே வேளையில் முடியத் தொடங்கியபோது, விண்மீனைக் காண்பது விரலால் சுட்டுவதாகச் சுருங்கிவிட்டது.

சுட்டும் திசை மட்டும் மாறவில்லை. அது வடதிசை. பழந்தமிழர் அருந்ததிக்கு இட்ட பெயரே வடமீன் என்பதாகும். சப்தரிஷி மண்டலத்தை எழுமீன் என்று குறிக்கும் சங்கப் பாடலும் உண்டு. மக்கள் கைகூப்பித் தொழும் மரபுடையது அது என்றும் அப்பாடல் சொல்லும். வடவானத்தை நோக்கி வணங்குவது நம் முன்னோருக்கு நெடுநாள் வழக்கம் என்பது இதனால் தெளிவாகிறது.

அந்தப் பங்குனியில் பெரியவர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். வாய்ப்பு இருக்கும்போதே மனைவிக்கு அருந்ததியைக் காட்டிவிட வேண்டும். மாலை வழிபாடு முடித்து எட்டு மணிக்கு வீட்டின் பின்புறத்து வயல் வரப்புக்கு அம்மையாரை அழைத்துச் சென்றார். வடமேற்கில் பளிச்சென்று மின்னிய ஒரு மீனைக் காட்டி, "அதுதான் துருவன். அதுக்குப் பக்கத்துலதான் அருந்ததி இருக்கும்" என்றார். அம்மையார் நெடுநேரம் பார்த்தும் அதன் அருகே எதுவும் புலப்படவில்லை.

பெரியவர் செய்த பிழை பலரும் செய்வதே. துருவன் வடவானத்திலேயே பேரொளி மிக்க மீன் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது இரண்டாம் நிலை ஒளியுடைய எளிய மீன். பங்குனி மாலையில் வடமேற்கில் ஒளிர்வது பிரம்மஹிருதயம். துருவனைக் காட்டிலும் அது ஏறத்தாழ ஆறு மடங்கு ஒளி மிக்கது. துருவனின் சிறப்பு ஒளியில் இல்லை, நிலையில் இருக்கிறது. மற்ற மீன்கள் எல்லாம் எழுந்து, சாய்ந்து, மறைய, அது ஒன்று மட்டும் இடம் பெயராமல் நிற்கிறது.

நிற்கும் உயரமும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அங்கே துருவன் தெரியும். இராமேசுவரத்தில் 9 பாகை; மண்டகப்பட்டில் 12 பாகை; காசியில் 25 பாகை. இராமேசுவரத்தில் கடல் நீராடிவிட்டுக் காசிக்குப் புறப்பட்ட அந்நாளைய யாத்திரிகருக்கு, வடக்கே செல்லச் செல்லத் துருவன் இரவுதோறும் சிறிது சிறிதாக மேலே ஏறிவந்திருப்பான். கையை நேரே நீட்டி முட்டியை மடக்கினால், அம்முட்டியின் அகலம் வானத்தில் 10 பாகையை மறைக்கும். ஆதலால் செஞ்சிச் சீமையில் துருவனைக் காண விரும்புவோர், அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் பார்க்கவேண்டும். வடக்கில் தோப்போ மாடிவீடோ குன்றோ இருந்தால் தெரியாது. கோடையின் புழுதிப்படலமும் அவ்வளவு தாழ்வான மீனை எளிதில் மறைத்துவிடும்.

கல்லூரி விடுமுறையில் பேத்தி ஊருக்கு வந்தது வைகாசி மாதம். விழுப்புரத்தில் இயற்பியல் படிக்கும் பெண். நடந்ததைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், ஒன்பது மணிக்கு, தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் வரப்பில் இரண்டு சாய்வு நாற்காலிகளைப் போட்டாள். முற்றத்து விளக்கை அணைத்தாள். இருளுக்குக் கண் பழகக் கால்மணி நேரமாவது ஆகும் என்று சொல்லி, கைப்பேசியையும் எடுக்கவிடாமல் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியிலும் ஆனியிலும் முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் வடக்கே நன்கு உயர்ந்து நிற்கும். நான்கு மீன்கள் ஒரு பெட்டி போலவும், மூன்று மீன்கள் அதற்கு வளைந்த காம்பு போலவும் அமைந்து, கவிழ்த்து வைத்த கரண்டியைப் போலத் தோன்றும். காம்பின் நுனியில் இருப்பவர் மரீசி. அவரை அடுத்து வசிட்டர், பிறகு ஆங்கீரசர். பெட்டியில் காம்பு சேரும் மூலையில் அத்ரி, அவரை அடுத்துப் புலஸ்தியர். எதிர்ப்புறத்து இருவர் புலஹரும் கிரதுவும். புலஹரிலிருந்து கிரதுவுக்கு ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டை அதே திசையில் ஐந்து மடங்கு நீட்டினால் துருவனிடம் கொண்டுபோய் விடும். பேத்தி விரலால் வானத்தில் கோடு இழுக்க, துருவன் தென்னந்தோப்பின் தலைக்கு மேலே மங்கலாக, அமைதியாக இருந்தான்.

"இவ்வளவு சின்னதா?" என்றார் பெரியவர்.

அடுத்து வசிட்டர். "ஆயா, காம்புல நடு நட்சத்திரத்தைப் பாருங்க. அதை ஒட்டிப் பொட்டு மாதிரி இன்னொண்ணு இருக்கா? நேரா முறைச்சுப் பார்க்காதீங்க, கொஞ்சம் பக்கத்துல பார்வையை வைங்க" என்றாள் பேத்தி. மங்கலான மீன்களைக் காண இதுவே ஏற்ற வழி. விழியின் நடுப்பகுதியைவிட அதன் ஓரப்பகுதி இருளில் கூர்மையாகச் செயற்படும்.

ஓர் அரிய பொருளைக் காட்டுவதற்கு முன் அதன் அருகிலுள்ள பெரிய பொருளைக் காட்டும் இந்த முறைக்கு நம் சாத்திரங்களில் ஒரு பெயரும் உண்டு. ஸ்தூலாருந்ததி நியாயம் என்பர். அருந்ததி மிகச் சிறியவள். எடுத்த எடுப்பில் காட்ட இயலாது. முதலில் அருகிலுள்ள பெரிய மீனைக் காட்டி, அதில் பார்வை நிலைத்த பின், "அதன்று, அதன் அருகே உள்ளதைப் பார்" என்று சொல்லவேண்டும். ஆதிசங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் இவ்வுவமையை எடுத்தாள்கிறார். கண்ணுக்குப் புலனாகும் ஒன்றில் மனத்தை நிறுத்தி, பிறகு புலனாகாத பரம்பொருளை நோக்கி நகர்த்தும் நெறி இது.

அம்மையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரு கைகளையும் கூப்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. வசிட்டரை ஒட்டி, விலகாமல், சிறு பொட்டாக அருந்ததி அவருக்குத் தெளிவாகத் தெரிந்தாள்.

"உங்களுக்குத் தெரியுதாங்க?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கு ஏழு மீன்களும் பஞ்சுப் பொதிபோல் பரவித் தெரிந்தன. அவருக்கும் கண்புரை இருந்தது. மருத்துவர் சொல்லியும் மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்தார். தெரியுது என்று ஒரு சொல் சொல்லிவிடலாம். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதைத்தான் சொன்னார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அம்மையார் அவர் கையைப் பற்றிக்கொண்டார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்போது பேத்தி வேறொன்றைச் செய்தாள். கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் என்னும் செயலியைத் திறந்தாள். எந்த ஊரில், எந்த நாளில், எந்த நேரத்தில் வானம் எப்படி இருந்தது என்று கணித்துக் காட்டும் செயலி அது. அதில் அவர்களுடைய திருமண நாளையும் முகூர்த்த நேரத்தையும் இட்டாள். சூரியனின் வெளிச்சத்தை அணைத்துப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. அப்படி அணைத்ததும் ஐப்பசிக் காலை வானம் விண்மீன்களோடு திரையில் விரிந்தது. வடக்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 45 பாகை உயரத்தில், சப்தரிஷி மண்டலம் நின்றது. வசிட்டரும் அருகே அருந்ததியும் அதில் இருந்தார்கள்.

"ஆயா, ஐயர் கையைக் காட்டின இடத்துல அருந்ததி இருந்திருக்கா. வெயில்ல நமக்குத் தெரியல, அவ்வளவுதான்."

இது கணக்கில் பிழையற்ற செய்தி. நம் அட்சரேகையில் அருந்ததி ஒரு நாளில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் அடிவானத்துக்கு மேலே இருக்கிறாள். ஐப்பசியில் அவள் எழுவது பின்னிரவு நான்கு மணி அளவில். முற்பகல் பத்து, பதினொரு மணிக்கு வடக்கே உச்ச நிலையை அடைகிறாள். ஆகவே ஐப்பசித் திருமணத்தில் காலை முகூர்த்தத்தில் வடக்கே சுட்டும் விரல், உள்ள இடத்தையே சுட்டுகிறது. வைகாசியிலோ காலை முகூர்த்தத்தின்போது அவள் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறாள். ஆனால் அன்று மாலையே வடவானில் கண்ணாரக் காணக் கிடைக்கிறாள். எந்த மாதத்துத் திருமணமானாலும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவளுடைய சாட்சி அத்தம்பதியருக்கு உண்டு.

அம்மையார் அந்தத் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை மூவரும் மண்டகப்பட்டுக் குடைவரைக்குச் சென்றார்கள். இருபுறமும் துவாரபாலகர் காவல் நிற்க, உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றிலும் இன்று திருமேனிகள் இல்லை. ஆயினும் உள்ளே நுழைபவர் எவரும் தம்மை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அது மூவருக்கும் உரிய இடம் என்பதை அந்தக் கல்லே உணர்த்திவிடுகிறது.

துருவனின் கதையும் இவ்வாறே ஓர் இடத்தைப் பற்றியது. உத்தானபாத மன்னனின் மடியில் அமர விரும்பிய சிறுவனைச் சிற்றன்னை சுருசி தள்ளிவிட்டாள். தாய் சுநீதி அவனை நாராயணனிடம் முறையிடச் சொன்னாள். நாரதர் உபதேசித்த மந்திரத்தை மதுவனத்தில் ஜபித்து அக்குழந்தை தவம் செய்தான். யாராலும் தள்ளிவிட முடியாத ஓர் இடம் வேண்டும் என்பதே அவன் வேட்கை. பகவான் அருளியதும் ஒரு பதமே. துருவபதம் என்று அதற்குப் பெயர்.

வானியலும் வியப்பூட்டும் வகையில் இதற்கு இசைவாக நிற்கிறது. பூமியின் அச்சு, வேகம் தணியும் பம்பரத்தைப் போல மெல்லத் தலைசுற்றுகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகும். அதனால் வடதுருவப் புள்ளி விண்மீன்களிடையே மெல்ல நகர்கிறது. இன்று நாம் துருவன் என்று வணங்கும் மீன், மகேந்திரவர்மன் காலத்தில் அப்புள்ளியிலிருந்து 8 பாகை விலகியிருந்தது. அதாவது அன்று அது ஓரிடத்தில் நில்லாமல், நாள்தோறும் ஒரு பெரிய வட்டம் அடித்தது. மண்டகப்பட்டிலிருந்து பார்த்தவர்க்குத் தாழ்ந்தபோது 4 பாகையிலும் உயர்ந்தபோது 20 பாகையிலும் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் துருவப் புள்ளியின் அருகே கண்ணைக் கவரும் ஒளிமீன் எதுவும் இல்லை. இன்றைக்கு 4,800 ஆண்டுகளுக்கு முன் வேறொரு மீன் அவ்விடத்தில் இருந்தது. இன்னும் ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் சென்றால் அபிஜித் அவ்விடத்தை நெருங்கிவரும்.

இருக்கையில் அமரும் மீன்கள் மாறுகின்றன. இருக்கை மட்டும் எப்போதும் வடக்கே இருக்கிறது. பகவான் அந்தக் குழந்தைக்கு அருளியது பதம் என்று புராணம் கூறுவதை இந்த உண்மையோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. இப்போதைய துருவன் அப்புள்ளியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. 2100-ஆம் ஆண்டை ஒட்டி அது அரைப் பாகைக்கும் உள்ளே நெருங்கி வந்து, அதன் பிறகு மெல்ல விலகத் தொடங்கும். மகேந்திரவர்மன் காணாத அளவுக்கு நிலைபெற்ற துருவனை இன்று நாம் காண்கிறோம். நம் பேரப்பிள்ளைகளும் அவர்தம் மக்களும் காணப்போகும் துருவன் இதனினும் உறுதியானவன். அதை அவர்களுக்குக் காட்டுவதற்குத்தான் வீட்டில் ஒருவர் வேண்டும்.

பேத்தி கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். பெரியவரும் அம்மையாரும் வரப்பு நாற்காலிகளை விடவில்லை. ஆனியில், முன்னிரவில், உச்சிக்குச் சற்று வடக்கே சுவாதி செம்பொன்னாக ஒளிர்ந்தது. சப்தரிஷிகளின் காம்பு வளையும் போக்கிலேயே பார்வையைச் செலுத்தினால் சுவாதியை எட்டலாம் என்பதைப் பெரியவர் தாமே கண்டுகொண்டார். ஆடியில் சப்தரிஷி மண்டலம் வடமேற்கே சாய்ந்தது. வடகிழக்கில் அபிஜித் வெண்ணிறமாக ஏறிவந்தது. ஆவணியில் அபிஜித் வடக்கே உயர்ந்து நிற்க, முனிவர்கள் பெட்டி முன்னும் காம்பு பின்னுமாகத் தலைகீழாக இறங்கினார்கள். புரட்டாசி மாலைகளில் அவர்களைக் காணவில்லை.

சப்தரிஷி மண்டலம் ஒருபோதும் மறைவதில்லை என்று மேலைநாட்டார் எழுதிய நூல்களில் காணப்படும். இலண்டன் போன்ற வடபுல நகரங்களுக்கு அது பொருந்தும். துருவன் தாழ்ந்து நிற்கும் நம் ஊர்களில் முனிவர்கள் எழுவார்கள், மறைவார்கள். ஆண்டில் சில மாதங்கள் மாலையில் அவர்கள் தரிசனம் கிட்டாது. அந்தக் காலத்தில் விடியலுக்கு முன் எழுபவர்க்கே அவர்கள் காட்சி தருவார்கள்.

புரட்டாசியில்தான் பெரியவர் கண்புரை அறுவைக்கு இசைந்தார். "இந்த வயசுல எதுக்கு?" என்று மூன்று ஆண்டுகள் கேட்டவர், இம்முறை தாமே மகனைத் தொலைபேசியில் அழைத்து நாள் குறிக்கச் சொன்னார்.

ஐப்பசியில் திருமண நாள் வந்தது. காலையில் கோயிலுக்குச் சென்று திரும்பியதும் அம்மையார் வீட்டின் பின்புறம் சென்றார். மணி ஒன்பதரை. நல்ல வெயில். வடக்கு நோக்கி நின்று, பாதி வானத்து உயரத்தில் பார்வையை நிறுத்தினார். நீல வானமன்றி ஒன்றும் தெரியவில்லை. கைகூப்பி நின்ற மனைவியைப் பெரியவர் வாசற்படியிலிருந்து பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலங்க. ஆனா இருக்கா."

கார்த்திகை மாலைகளில், சப்தரிஷிகள் இல்லாத வடவானத்தில் வேறோர் அடையாளம் உண்டு. ஐந்து மீன்கள் ஆங்கில எம் எழுத்துப்போல் வளைந்து நிற்கும். காசியோப்பியா என்பது மேலைநாட்டார் இட்ட பெயர். துருவனுக்கு ஒருபுறம் சப்தரிஷிகள், மறுபுறம் இவை. ஒன்று தாழும்போது மற்றொன்று உயரும். தீபத் திருநாளன்று விளக்கேற்றும் வேளையில் கிழக்கே எழும் கார்த்திகைக் கூட்டம், இரவு பதினொரு மணி அளவில் உச்சிக்குச் சற்று வடக்கே வந்து நிற்கும். அகல் விளக்குகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே அதையும் அண்ணாந்து பார்க்கலாம். தை, மாசி முன்னிரவுகளில் பிரம்மஹிருதயம் வடக்கே ஓங்கி நிற்கும். மாசி மகத்தன்று நள்ளிரவில் வாசலுக்கு வந்தால், மக நட்சத்திரம் செஞ்சிச் சீமையில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும். பங்குனியில் முனிவர்கள் வடகிழக்கில், காம்பு கீழாகவும் பெட்டி மேலாகவும், மறுபடி எழுவார்கள். இவ்வாறு ஆண்டு முழுதும் வடவானம் ஒருவரையேனும் வாசலில் நிறுத்தியிருக்கிறது.

வசிட்டரும் அருந்ததியும் பூமியிலிருந்து ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாக வானியலார் கணித்துள்ளனர். ஆயிரம் பிறை கண்டு சதாபிஷேகம் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர் இன்று காணும் அருந்ததியின் ஒளி, அவர் பிறந்த காலத்தை ஒட்டி அங்கிருந்து புறப்பட்டது. 1617-ஆம் ஆண்டில் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்தபோது வசிட்டரே இரண்டு மீன்களாகத் தெரிந்தார். வசிட்டரும் அருந்ததியும் விண்வெளியில் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறார்கள் என்பதும் பின்னாளில் தெரியவந்தது. மணமக்களுக்குக் காட்ட நம் முன்னோர் இந்த இணையைத் தேர்ந்தது பொருத்தமே. உடன் நடந்துவரும் இணை அது.

மார்கழி பிறந்தது. விடியற்காலை நான்கரை மணிக்கு ஊர்க் கோயிலில் திருப்பாவை ஒலிக்கத் தொடங்கியது. நீராடி, சால்வை போர்த்திக்கொண்டு இருவரும் தெருவில் இறங்கினார்கள். கோலம் போட வந்த பெண்கள் தத்தம் வாசலில் குனிந்திருந்தனர். தெரு வடக்கே திரும்பும் முனையில், விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் பெரியவர் நின்றுவிட்டார்.

மார்கழி விடியலில் சப்தரிஷி மண்டலம் வடக்கே 40 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும். வைகாசி இரவில் கண்ட அதே முனிவர்கள், அதே கவிழ்ந்த கரண்டி. குளிர்ந்த வானம் கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. பெரியவர் மரீசியிலிருந்து எண்ணினார். இரண்டாம் மீனில் நிறுத்தினார். பேத்தி சொன்னபடி பார்வையைச் சற்றே விலக்கி வைத்தார்.

அம்மையார் அவசரப்படுத்தவில்லை. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார் பெரியவர். "பக்கத்துலயே இருக்கா."

இருவரும் கோயிலை நோக்கி நடந்தார்கள்.

இதைப் படிக்கும் மூத்தோர் பலரும் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தவர்களே. மார்கழி விடியலில் கோயிலுக்குப் புறப்படும்போது வடக்கே ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். விடியலில் எழ இயலாதவர், பங்குனி முதல் ஆனி வரை முன்னிரவில், நிலவில்லாத நாளில், கழுத்து வலிக்காமல் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்க்கலாம். கண்ணில் புரை இருந்தால் மருத்துவரைக் காண இதுவும் ஒரு காரணமாகட்டும். வீட்டில் பேரனுக்கோ பேத்திக்கோ திருமணம் நிச்சயமானால், அந்த மாதத்தில் அருந்ததி எந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்பதை முன்னதாகப் பார்த்து வைத்து, பந்தி முடிந்த பிறகாவது, மறுநாள் விடியலிலாவது அவர்களை வெளியே அழைத்துச் சென்று காட்டலாம். தெரிகிறாளா என்று கேளுங்கள். தெரியவில்லை என்று அவர்கள் சொன்னால், வசிட்டரிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.